கியர் பாக்ஸும் கிங்ஸ்டன் மில்லும்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நல்ல கடலை மிட்டாய் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் பதினோரு கடை சொல்வார்கள். 2020-ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்துவிட்டதால் சொல்கிற குரலிலேயே ஒரு மிதப்பு இருக்கும். லாரி டயருக்குப் பஞ்சர், பம்ப் செட்டுக்கு காயில் கட்டுவது, தீப்பெட்டி மெஷினுக்கு லேத் வேலை என்று எதற்கும் இந்த ஊரில் ஆள் உண்டு.

ஆனால், “நாற்பது வருஷத்துப் பழைய பென்ஸ். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். அதைப் பிரித்து, ஒழுங்காகத் திரும்ப மாட்டுகிற ஆள் வேணும். ஏமாற்றாதவராகவும் இருக்கணும்” என்று கேட்டால் டீக்கடையே கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். கடைசியில் யாராவது ஒருத்தர், “ஏன் அண்ணாச்சி, அதை வித்துட்டு ஒரு ஸ்விஃப்ட் எடுத்திரலாம்லா?” என்பார்.

அப்படி ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு அலைந்தவர் என் நண்பர். தீப்பெட்டி ஆபீஸ் குடும்பம். (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். நிஜ ஆபீஸில் வேலை பார்க்கும் வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கே சாயங்காலத்துக்குள் ஏதாவது உற்பத்தியாகிவிடும்.) கார் 1982 மாடல் மெர்சிடிஸ் 240டி. நண்பரின் அப்பா 1991-ல் மெட்ராஸில் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. அப்பா இன்று இல்லை. ஸ்டியரிங்கில் அவர் கை வைக்கும் இடம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ அம்மா கிளம்பினால் இந்த வண்டியின் பின் சீட்டில்தான். ஆகவே ‘வித்துட்டு ஸ்விஃப்ட்’ யோசனை வாசலோடு நிராகரிக்கப்பட்டது.

டபிள்யூ 123 என்று பென்ஸ்காரர்கள் நம்பர் கொடுத்திருந்த வரிசை இது. 1976 முதல் 1985 வரை சுமார் 27 லட்சம் வண்டிகள் தயாரித்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஆப்பிரிக்கா வரை டாக்ஸியாக ஓடி உழைத்த ஜாதி. சுலபத்தில் படுக்காது. படுத்தால், படுத்திவிடும்.

நண்பருடையது படுத்தத் தொடங்கியது. “மாப்ளே, ஒவ்வொரு கியர் மாறும்போதும் பின்னாலிருந்து எருமை முட்டுற மாதிரி இருக்கு. ரிவர்ஸ் போட்டா மூணு எண்ணின பிறகுதான் வண்டிக்கு ஞாபகம் வருது.”

மூன்று நிபுணர்களிடம் காட்டினார்.

முதலாமவர் நெடுஞ்சாலையோரப் பட்டறை. பானெட்டைத் திறக்காமலே, “ஆட்டோமேட்டிக்கெல்லாம் நம்ம ரோட்டுக்கு ஆகாது அண்ணாச்சி. தூக்கிக் கடாசிட்டு சாதா கியர் பாக்ஸ் ஏத்தி, ஒரு கிளட்ச் பெடலும் வெச்சுத் தந்திருதேன்” என்றார். இது நம் நாட்டின் பழைய வைத்தியம். சினிமாக்காரர்களும் ஜமீன்தார்களும் வைத்திருந்த இம்பாலா, பிளிமத் எல்லாம் பெட்ரோல் விலை தாங்காமல் இப்படித்தான் வயிற்றில் டீசல் என்ஜினும் பக்கத்தில் கியர் கம்பியுமாகக் கடைசிக் காலத்தைக் கழித்தன. வைத்தியம் தப்பு என்று சொல்லவில்லை. பல் வலி என்று போனவருக்குத் தலையை மாற்றிக் கொடுப்பது கொஞ்சம் அதிகம்.

இரண்டாமவர் ஒரு பெருநகரத்தில், போனில். வண்டியைப் பார்க்கவில்லை. “ஒன்றரை லட்சம் சார். பாதி அட்வான்ஸ். டிராக்டர்ல கயிறு கட்டி மெதுவா இழுத்துட்டு வந்துருங்க.” இந்தக் கயிறு யோசனை ஒன்றே போதும், அவரைப் பட்டியலிலிருந்து அடிக்க. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் ஆயில் பம்ப் பெரும்பாலும் என்ஜின் ஓடினால்தான் ஓடும். என்ஜினை அணைத்து, ஓட்டும் சக்கரம் தரையில் உருள நூறு கிலோமீட்டர் இழுத்தால், உள்ளே ஆயிலே இல்லாமல் எல்லாம் உரசிக்கொண்டு வரும். போகும்போது ஒரு வியாதி, சேரும்போது ஏழு. லாரியில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்க வேண்டும்.

மூன்றாமவர் இளைஞர். சுத்தமான சட்டை, கையில் ஸ்கேனர். அதைச் சொருகும் துவாரத்தை டாஷ்போர்டுக்கு அடியில் அரை மணி நேரம் தேடினார். இல்லை. 1982-ல் இந்த கியர் பாக்ஸுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாமே ஆயில் அழுத்தம், ஸ்பிரிங், வால்வுதான். “இது டிஜிட்டல் இல்ல சார்” என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். மூவரில் இவரே யோக்கியர். காசு கேட்கவில்லை.

* * *

இந்த இடத்தில் பி.காம் படித்தவன் என்ற முறையில் ஒரு நிமிஷம்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தை பற்றியது. விற்கிறவனுக்கு வண்டியின் வண்டவாளம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவன் எல்லா வண்டிக்கும் சுமாரான விலைதான் கொடுப்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன், ‘இந்த விலைக்கு எதற்கு விற்கணும்?’ என்று சந்தையை விட்டுப் போய்விடுவான். மிஞ்சுவது மட்டமான சரக்கு. இதை முதலில் சில பத்திரிகைகள் திருப்பி அனுப்பினவாம். 2001-ல் இவரோடு இன்னும் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். கதை திரும்பி வந்துவிட்டதே என்று வருந்தும் வாசக எழுத்தாளர்கள் கவனிக்கவும்.

மட்டமான காருக்கு அமெரிக்காவில் ‘லெமன்’ என்று பெயர். கட்டுரையின் தலைப்பிலேயே அந்த வார்த்தை உண்டு. நாம் அந்த வம்பே வேண்டாமென்று, வண்டி எடுத்த அன்றே நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிடுகிறோம்.

மெக்கானிக் விஷயத்திலும் அதே கதை. எட்டயபுரம் சந்தையில் ஆடு வாங்கினால் தடவிப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம், மாடென்றால் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம். கியர் பாக்ஸுக்குப் பல் உள்ளே இருக்கிறது.

உள்ளே என்னதான் இருக்கிறது? இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? காற்றுக்குப் பதில் ஆயில் வைத்தால் அது டார்க் கன்வெர்ட்டர். அதற்குப் பின்னால், நடுவில் சூரியன், சுற்றிலும் கிரகங்கள் என்று பல்சக்கரங்கள். நிஜமாகவே அப்படித்தான் பெயர். இதில் யாரைப் பிடித்து நிறுத்துகிறோம், யாரைச் சுற்றவிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றாவது கியர், இரண்டாவது கியர். பிடித்து நிறுத்துவது பட்டைகளும் கிளட்ச் தட்டுகளும். அவற்றுக்கு எந்த நேரத்தில் எந்த வழியாக ஆயில் போக வேண்டும் என்று முடிவு செய்வது வால்வ் பாடி என்ற அலுமினியக் கட்டி. அதற்குள் வாய்க்கால், கிளை வாய்க்கால், மடை, மதகு. மானாவாரிக் கரிசலில் பிறந்த எங்களுக்கு அந்த வாய்க்கால்களைப் பார்த்தால் தாமிரபரணிப் பாசனம் ஞாபகம் வரும்.

இத்தனையும் மூடிய பெட்டிக்குள். திறந்து பார்த்தாலும் உங்களுக்கும் எனக்கும் புரியாது. ‘மாத்தியாச்சு’ என்றால் மாற்றியாகிவிட்டது, அவ்வளவுதான்.

* * *

நாலாவது ஆள் கோவில்பட்டியிலேயே கிடைத்தார். அறுபதைத் தாண்டியவர். சின்னப் பட்டறை, போர்டு கிடையாது. வாலிப வயதில் சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ரிப்பேர் பார்த்தவர்.

அவர் வண்டிக்கு அடியில் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே மூன்று கேள்வி கேட்டார்.

“சாவியத் திருப்பினா என்ஜின் உடனே நிக்குதா தம்பி?”

“இல்லண்ணே. பத்து செகண்டு குலுங்கிட்டு நிக்கும்.”

“டிரைவர் கதவைப் பூட்டினா மத்த மூணும் பூட்டிக்கிடுதா?”

“பின்னால இடது பக்கம் விழ மாட்டேங்குது. அது ரொம்ப நாளா...”

“அது எப்ப ஆரம்பிச்சது, இந்த முட்டு எப்ப ஆரம்பிச்சது?”

நண்பர் யோசித்தார். ஏறக்குறைய ஒரே சமயம்.

விஷயம் இதுதான். இந்த டீசல் பென்ஸில் ஒரு வாக்குவம் பம்ப் இருக்கிறது. அதன் உறிஞ்சும் சக்தியில்தான் பிரேக் பூஸ்டர், என்ஜினை நிறுத்துவது, நாலு கதவுப் பூட்டு எல்லாம் வேலை செய்கின்றன. கியர் பாக்ஸுக்கும் அதில் ஒரு பங்கு. நீங்கள் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதை அந்த வாக்குவத்தை வைத்துத்தான் கியர் பாக்ஸ் தெரிந்துகொள்கிறது. வாக்குவம் குறைந்தால், ‘ஆசாமி முழு மூச்சாக மிதிக்கிறான்’ என்று நினைத்துக்கொண்டு முரட்டுத்தனமாக கியர் மாற்றும். அதாவது, பின் கதவுக்குள் ஒரு ரப்பர் கிழிந்தால் முன்னால் கியர் பாக்ஸ் முட்டும்.

ஆஃப்செட் மெஷினில் காகிதத்தை ஒவ்வொன்றாகத் தூக்குவது வாக்குவம். எங்கே காற்றுக் கசிகிறது என்று காது வைத்துக் கண்டுபிடிப்பதில் வயதைக் கழித்தவருக்கு இது பழகிய சத்தம். கேஜ் வைத்துப் பார்த்தார். பின் கதவுக்குப் போகும் குழாயைப் பிடுங்கி, வாயில் ஒரு சின்ன ஸ்குரூவைத் திருகி அடைத்தார். “ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.”

நண்பர் எட்டயபுரம் ரோட்டில் போய்த் திரும்பினார். எருமையைக் காணோம். சாவியைத் திருப்பினார். என்ஜின் கப்பென்று நின்றது.

“ஆனா ரிவர்ஸு லேட்டா எடுக்குது பாருங்க, அது வேற வியாதி” என்றார் பெரியவர். “நாப்பது வருஷத்து ரப்பர் சீல் விறைச்சுப் போச்சு. ஆயில் கம்பியை உருவிப் பாத்தேன். சிவப்பா இருக்க வேண்டியது பவண்டோ கலர்ல இருக்கு, தீஞ்ச வாசனையும் வருது. பிரிச்சுத்தான் ஆகணும்.”

“நீங்களே பண்ணிருங்கண்ணே.”

“எனக்குத் தெரியாதுப்பா. பிரிச்சிருவேன், திரும்ப மாட்டும்போது நாலு சாமான் மிச்சம் வரும். கோயமுத்தூர்ல ஒருத்தர் இருக்காரு, அட்ரஸ் தாறேன்.”

நண்பர் சொன்னார், “மாப்ளே, ‘தெரியாது’ன்னு அவர் சொன்ன பிறகுதான், தெரியும்னு சொன்னதையெல்லாம் முழுசா நம்பினேன்.”

* * *

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பி.காம் வாசகர்கள் ஆடிட்டிங் பேப்பரில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தால் அரியர்ஸ் எழுதியிருப்பீர்கள். 1896, இங்கிலாந்து. மில் மானேஜர் வருஷக் கணக்கில் சரக்கு இருப்பைக் கூட்டிக் கூட்டிக் காட்டினார். ஆடிட்டர்கள் கிடங்குக்குள் போய்ப் பார்க்காமல், அவர் எழுதிக் கொடுத்த சர்டிபிகேட்டை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆடிட்டர் வீட்டைக் காக்கிற நாய்தானே ஒழிய, மோப்பம் பிடித்துத் துரத்துகிற வேட்டை நாய் அல்ல என்று கோர்ட் அவர்களை விட்டுவிட்டது.

ஆடிட்டருக்கு அது சரி. கார் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. ‘எல்லாம் மாத்தியாச்சு சார்’ என்பது மானேஜர் சர்டிபிகேட். பில்லோடு சரக்கை ஒத்துப் பார்க்க வேண்டும். ஆடிட்டிங்கில் இதற்கு வெரிஃபிகேஷன் என்று பெயர்.

கோவைக்காரரிடம் நண்பர் ஒத்துப் பார்க்கவே அவசியம் இருக்கவில்லை. அவரே காட்டினார். போனில் விலை சொல்ல மறுத்தார். வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோன பிறகு, முதலில் ஓட்டிப் பார்த்தார், அழுத்த மீட்டர் மாட்டிப் பார்த்தார், அப்புறம்தான் கியர் பாக்ஸை இறக்கினார். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: நிச்சயம் மாற்ற வேண்டியவை இவை, திறந்த பிறகே சொல்லக்கூடியவை இவை, இந்தத் தொகையைத் தாண்டினால் கேட்காமல் கை வைக்க மாட்டேன்.

பிரித்த அன்று நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சாமான்கள் கழற்றிய வரிசையிலேயே தட்டுகளில் இருந்தன. கிளட்ச் தட்டுகளில் சில கருகியிருந்தன. இரும்புத் தட்டில் நீலம் பாய்ந்திருந்தது, சூடேறிய அடையாளம். ரப்பர் சீலை வளைத்தார். அப்பளம் மாதிரி முறிந்தது.

நண்பர் அசந்தது இன்னொன்றில். அந்தப் பட்டறையில் பஞ்சு வேஸ்டே கிடையாது. மில் ஊர்க்காரர்களான நமக்கு, வேஸ்ட் இல்லாத ஒர்க்‌ஷாப் என்பது இலை இல்லாத பந்தி. “ஒரு நூல் வால்வ் பாடிக்குள்ள போனா ஒரு வால்வு சிக்கிக்கும்” என்றாராம். நூல் பிரியாத துணி, இல்லாவிட்டால் காற்று, அவ்வளவுதான். புதுத் தட்டுகளை மாட்டுவதற்கு முன்பே ஆயிலில் ஊற வைத்தார். ஒவ்வொரு கிளட்ச்சையும் கம்ப்ரஸர் காற்று விட்டு ‘டப்’ என்று பிடிக்கிறதா என்று கேட்டார். ரேடியேட்டருக்குப் போய் வரும் ஆயில் குழாய்களைக் கழுவினார். அதைக் கழுவாமல் விட்டால் பழைய கசடு புதுப் பெட்டிக்குள் வந்துவிடும்.

சாமான் வெளிநாட்டிலிருந்து வரச் சில வாரங்கள் ஆயின. நடுவில் ஒருமுறை போன் செய்து, “நான் மாத்தணும்னு எழுதியிருந்த ஒரு பட்டை நல்லாவே இருக்கு, விட்டுடறேன்” என்றார். நண்பர் அன்றைக்கே தூங்கியிருக்கிறார் நிம்மதியாக. கடைசியில் கழற்றிய பழைய சாமான் அத்தனையும் ஒரு அட்டைப் பெட்டியில், பில்லோடு. ரிவர்ஸ் இப்போது போட்டதும் எடுக்கிறது.

* * *

கதை சுபம் என்று நினைத்தால், இன்னும் ஒரு பைசல் பாக்கி. பட்டறைப் பெரியவருக்கு நண்பர் 1,500 ரூபாய் கொடுத்தார். வீட்டில் சித்தப்பா குதித்தார். “ஒரு ஸ்குரூ திருகினதுக்கு ஆயிரத்து ஐநூறா? அந்த ஸ்குரூ ஒரு ரூபா பெறுமா? உன்னை ஏமாத்திட்டான்லே!”

அதே சித்தப்பா கோவைக்காரரின் பில்லைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அட்டைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. திருப்தி.

இங்கேதான் சங்கடம். நாம் எடைக்குக் காசு கொடுத்துப் பழகிவிட்டோம். ஒரு மெக்கானிக் பெரிய சாமானாக மாற்றினால் கொடுக்கிறோம், ஸ்குரூவில் முடித்தால் முறைக்கிறோம். அந்தப் பெரியவர் வண்டியைப் பார்த்ததும், “கியர் பாக்ஸ் போச்சு தம்பி” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் ஐம்பதாயிரம் சம்பாதித்திருக்கலாம். நாமும் நன்றி சொல்லிக் கொடுத்திருப்போம். உண்மையைச் சொன்னதில் அவருக்குக் கிடைத்தது ஆயிரத்து ஐநூறும், ‘ஏமாத்திட்டான்’ என்ற பட்டமும். இப்படி நாலு தடவை நடந்தால் அவரும் பட்டறையைப் பூட்டிவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போவார், அல்லது நெடுஞ்சாலையோரம் போய் போர்டு மாட்டுவார். அகர்லாஃப் சொன்னது இதைத்தான். நல்ல சரக்கைச் சந்தையை விட்டுத் துரத்துவது எத்தன் மட்டும் அல்ல, விலை கொடுக்கத் தெரியாத நாமும்தான்.

ஆகவே, நம்பிக்கையான ஆள் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. அவர் பக்கம் பார்க்க வேண்டியது: பார்க்காமல் விலை சொல்கிறாரா, இறக்குவதற்கு முன் சோதிக்கிறாரா, எழுதித் தருகிறாரா, பழைய சாமானைக் காட்டுகிறாரா, எப்போதாவது ‘தெரியாது’ என்கிறாரா. நம் பக்கம்: வியாதி கண்டுபிடித்ததற்குத் தனியாகக் கூலி கொடுக்கிறோமா, போன வருஷம் யாரோ என்ஜின் ஆயிலை ஊற்றிய விஷயத்தை மறைக்காமல் சொல்கிறோமா, ‘நாளைக்கே வேணும்’ என்று கழுத்தில் உட்காராமல் இருக்கிறோமா.

உங்களிடம் பென்ஸ் இல்லாமல் இருக்கலாம். எனக்கும் இல்லை. ஆனால் ஃபிரிட்ஜ் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, பைக் இருக்கிறது. எல்லாமே மூடிய பெட்டிகள். அடுத்த முறை ஒருத்தர் வந்து, திறந்து பார்த்து, “ஒண்ணும் ஆகலை சார், ஒயர் லூஸ்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், அவரை வாசலில் நிறுத்திக் கையில் நியாயமாக ஏதாவது கொடுங்கள்.

சக்கரத்தில் நசுங்கப்போகிற நாலு எலுமிச்சம்பழத்துக்கே பேரம் பேசாமல் கொடுக்கிறோமே சார்!